மேஜர் ஸ்கேலின் ஏழு கார்டுகள்: பியானோவில் முதல்முறை கற்பவர்களுக்கு

பியானோவில் கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரங்களின் தொகுதி) பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் படங்கள் அடங்கிய ஓர் அட்டவணையை எதிரில் வைத்துக்கொண்டு, சி மேஜர், டி மைனர் என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய முயல்கிறார்கள். அது தேவையற்ற உழைப்பு என்பது என் உறுதியான கருத்து. ஒரு மேஜர் ஸ்கேலுக்குரிய ஏழு கார்டுகளும் அந்த ஸ்கேலின் ஏழு சுரங்களிலிருந்தே பிறக்கின்றன. அவை பிறக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால், எந்த ஸ்கேலுக்கும் அட்டவணையின் துணை வேண்டியிருக்காது. கட்டைகளின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும், சி மேஜர் ஸ்கேலை வலது கையால் ஏறி இறங்க வாசித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

முதற்படி: ஒன்று விட்டு ஒன்று

வலது கையின் கட்டைவிரலைச் சி-யிலும், நடுவிரலை ஈ-யிலும், சுண்டுவிரலை ஜி-யிலும் வைத்து மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். இது சி மேஜர். விரல்களின் அமைப்பைக் கலைக்காமல் கை முழுவதையும் ஒரு வெள்ளைக் கட்டை வலப்புறம் நகர்த்தினால் டி–எஃப்–ஏ வரும். இப்படியே ஈ–ஜி–பி, எஃப்–ஏ–சி, ஜி–பி–டி, ஏ–சி–ஈ, பி–டி–எஃப் என்று ஏழு கார்டுகளும் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: எது மேஜர், எது மைனர்?

நான் நெடுநாள் நின்றுவிட்ட இடம் இதுதான். கையின் வடிவம் மாறவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளைக் கட்டையை விட்டு அடுத்ததைத்தான் அழுத்துகிறோம். அப்படியிருக்க, சி-யில் தொடங்கும் கார்டு மேஜராகவும் டி-யில் தொடங்குவது மைனராகவும் ஒலிப்பது ஏன்?

கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் விடை தெரியும். சி-யிலிருந்து சி ஷார்ப், டி, டி ஷார்ப், ஈ என்று நான்கு அடிகளில் ஈ-யை அடைகிறோம். அங்கிருந்து எஃப், எஃப் ஷார்ப், ஜி என்று மூன்றே அடிகளில் ஜி வந்துவிடுகிறது. முதலில் நான்கு, பிறகு மூன்று என்றால் அது மேஜர். டி-யிலிருந்து எஃப்-க்கு மூன்று அடிகள், எஃப்-இலிருந்து ஏ-க்கு நான்கு அடிகள். முதலில் மூன்று, பிறகு நான்கு என்றால் அது மைனர்.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம், ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை இல்லாததே. இந்த இரண்டு நெருக்கமான இடங்களில் ஒன்று கார்டின் கீழ்ப்பாதிக்குள் விழுந்தால் மைனர். மேற்பாதிக்குள் விழுந்தால் மேஜர். பி–டி–எஃப் கார்டில் மட்டும் இரண்டு பாதிகளிலும் ஒவ்வொன்று விழுகிறது. மூன்றும் மூன்றுமாக அமைந்து இறுக்கமாக ஒலிக்கும் அதற்கு டிமினிஷ்டு என்று பெயர். ஏழு கார்டுகளையும் இப்படி உங்கள் விரலாலேயே எண்ணிப் பாருங்கள். இதைப் படித்து மட்டும் கடந்துவிட வேண்டாம்.

கிடைக்கும் வரிசை இது: மேஜர், மைனர், மைனர், மேஜர், மேஜர், மைனர், டிமினிஷ்டு. எல்லா மேஜர் ஸ்கேல்களுக்கும் இதே வரிசைதான். ஆகவே கார்டுகளைப் பெயரால் மட்டுமல்லாமல் 1 முதல் 7 வரையிலான எண்ணாலும் சொல்லிப் பழகுங்கள். 1, 4, 5 மேஜர், 2, 3, 6 மைனர், 7 டிமினிஷ்டு.

மூன்றாம் படி: ஜி ஸ்கேலுக்கு மாறுதல்

மேஜர் ஸ்கேலின் அடிகள் 2, 2, 1, 2, 2, 2, 1. ஜி-யில் தொடங்கி இப்படி எண்ணினால் ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப் என்று வந்து மீண்டும் ஜி-யில் முடியும். சி ஸ்கேலுக்கும் இதற்கும் ஒரே ஒரு சுரம்தான் வேறுபாடு என்பதால், ஜி மேஜர், ஏ மைனர், சி மேஜர், ஈ மைனர் ஆகிய நான்கும் நீங்கள் ஏற்கெனவே பழகியவையே. அவற்றின் எண்கள் மட்டும் மாறுகின்றன: சி ஸ்கேலில் 5-ஆக இருந்த ஜி, இங்கே 1. எஃப் ஷார்ப் இடம்பெறும் மூன்று கார்டுகள்தான் புதியவை: பி மைனர் (பி–டி–எஃப் ஷார்ப்), டி மேஜர் (டி–எஃப் ஷார்ப்–ஏ), எஃப் ஷார்ப் டிமினிஷ்டு (எஃப் ஷார்ப்–ஏ–சி).

இங்கே பழைய பழக்கத்தால் கை டி–எஃப்–ஏ என்று வெள்ளைக் கட்டைகளிலேயே விழும். அதைத் தவிர்க்க, டி–எஃப்–ஏ, டி–எஃப் ஷார்ப்–ஏ ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, நடுச்சுரத்தின் வேறுபாட்டைக் காது உடனே பிடிக்கும்வரை கேளுங்கள்.

ஜி-க்குப் பிறகு எஃப் ஸ்கேல் நல்ல தேர்வு. அதன் நான்காம் சுரத்தைப் பி ஃப்ளாட் என்றே சொல்ல வேண்டும். அதே கட்டையை ஏ ஷார்ப் என்றால் ஏ இருமுறை வந்து பி காணாமல் போய்விடும். ஒன்று விட்டு ஒன்று என்ற கணக்கும் பெயர்களில் குழம்பிவிடும்.

நான்காம் படி: கார்டுகளை இணைத்தல்

ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கித் தாவினால் இசை துண்டு துண்டாகவே கேட்கும். இதைத் தீர்ப்பது இன்வர்ஷன்: கார்டின் சுரங்கள் மாறாமல், எது அடியில் இருக்கிறது என்பதை மட்டும் மாற்றிக்கொள்வது. சி ஸ்கேலில் 1, 5, 6, 4 என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். சி–ஈ–ஜி வாசித்த பின் ஜி-யில் உள்ள சுண்டுவிரலை அசைக்காமல் மற்ற இரண்டையும் கீழே இறக்கினால் பி–டி–ஜி வரும். இதற்கு நடுவிரலைவிட ஆள்காட்டி விரலே டி-க்கு வசதி. அடுத்து சி–ஈ–ஏ, அதாவது ஏ மைனர். அதில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அப்படியே வைத்து, ஈ-யை எஃப்-ஆக மாற்றினால் சி–எஃப்–ஏ, அதாவது எஃப் மேஜர். நான்கு கார்டுகளும் கை ஏறக்குறைய ஓரிடத்திலேயே இருக்க முடிந்துவிடுகின்றன. இடது கை அந்தந்தக் கார்டின் பெயருக்குரிய ஒற்றைச் சுரத்தை மட்டும் வாசித்தால் போதும்.

சீராகத் தட்டொலி எழுப்பும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 என்று வைத்து, ஒரு கார்டுக்கு நான்கு தட்டு கொடுங்கள். மின்னணுக் கீபோர்டு வைத்திருந்தால், ஒரு விரலுக்கே முழுக் கார்டையும் ஒலிக்கச் செய்யும் வசதியையும் எல்லாச் சுரங்களையும் வேறு ஸ்கேலுக்கு நகர்த்தும் டிரான்ஸ்போஸ் பொத்தானையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். நாம் கற்க விரும்பும் வேலையையே அவை செய்துவிடுகின்றன. விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலும் வேண்டாம். விரல் விடுபடும் இடைவெளிகளை அது மூடி மறைத்துவிடும். 61 கட்டைகள் கொண்ட கருவி இதற்குத் தாராளமாகப் போதும்.

பின்சேர்க்கை: இம்முறையில் பழகியவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்

இடது கையால் வாசிக்கும்போது கார்டு கலங்கலாகக் கேட்கிறது என்கிறார்கள். கீழ்ப்பகுதியில் மூன்று சுரங்களை நெருக்கமாக ஒலித்தால் எந்தக் கருவியிலும் அப்படித்தான் இருக்கும். சுண்டுவிரல், நடுவிரல், கட்டைவிரல் என்ற அமைப்பில், நடு சி-க்கு அருகில் வாசித்தால் தெளிவு வரும்.

ஏழாவது கார்டு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. பி–டி–எஃப் வாசித்துக்கொண்டே இடது கையால் கீழே ஜி-யை அழுத்துங்கள். அது ஜி செவன்த், அதாவது ஜி மேஜருடன் எஃப்-உம் சேர்ந்த நான்கு சுரக் கார்டு ஆகிவிடும். அதிலிருந்து பி ஓர் அடி ஏறிச் சி-யிலும், எஃப் ஓர் அடி இறங்கி ஈ-யிலும் சேர்வதால்தான், அது முதற்கார்டுக்குத் திரும்புவது அவ்வளவு இயல்பாகக் கேட்கிறது. ஜி ஸ்கேலில் இதற்கு இணையானது, எஃப் ஷார்ப்–ஏ–சி-க்குக் கீழே டி. அதையும் வாசித்துப் பாருங்கள்.