செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்: தோட்டாவிலும் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் சுட்ட கூட்டை, அதாவது தோட்டாவின் வெற்று உறையை, வெளியே எடுப்பதும் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுவதும் நம் கையின் வேலை. செமி ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையை முழுக்கத் தோட்டாவே பார்த்துக்கொள்கிறது. மருந்து எரிந்து வரும் வாயுவோ பின்னுதைப்போ குழலின் பின்பக்கத்தை மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்கிறது, கூட்டை இழுத்து எறிகிறது, ஸ்பிரிங்கை அழுத்துகிறது. அந்த ஸ்பிரிங் திரும்பும்போது அடுத்த தோட்டா உள்ளே போகிறது. அதனால் இந்த வகை ரைஃபிளில் தோட்டாத் தேர்வும் பராமரிப்பும் தனித்தனி விஷயங்கள் அல்ல. தப்பான தோட்டா போட்டால் ரைஃபிள் கெட்டுவிட்டது போலத் தெரியும். ரைஃபிளைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் நல்ல தோட்டாமீது பழி விழும். பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால் வருவதுதான்.

முதல் தவறு, “உள்ளே போகிறதே, அப்போ சரியான தோட்டாதான்” என்று நினைப்பது. சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், போவதும் பாதுகாப்பாகச் சுடுவதும் வேறு வேறு. .223 ரெமிங்டனும் 5.56×45 நேட்டோவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 5.56 சேம்பரில் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளத்தைக் குண்டு தொடுவதற்கு முன் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருப்பார்கள். .223 சேம்பரில் அந்த இடம் குறைவு. 5.56 ரைஃபிளில் .223 போட்டால் பிரச்சினை இல்லை. .223 என்று மட்டும் பொறித்த ரைஃபிளில் 5.56 போட்டால் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறலாம். .223 வைல்டு என்ற சேம்பர் இரண்டையும் ஏற்கும்படி வடிவமைக்கப்பட்டது. எது எப்படியோ, பேரல்மேல், அதாவது குழல்மேல், என்ன பொறித்திருக்கிறதோ அதுதான் தீர்ப்பு. கடைக்காரர் சொல்வதும் நண்பர் சொல்வதும் அதற்கு அப்புறம்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து .300 பிளாக்அவுட். 5.56 கூட்டைக் குட்டையாக வெட்டி, அதில் 7.62 மி.மீ. வகைக் குண்டு பொருத்திய தோட்டா இது. போல்ட், மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி) எல்லாம் 5.56-க்கு உள்ளவைதான். அந்த வசதிதான் வினையும். சில குண்டு வடிவங்களில், .300 பிளாக்அவுட் தோட்டா 5.56 சேம்பருக்குள் ஏறி, போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். ட்ரிகரை இழுத்தால் 7.8 மி.மீ. விட்டமுள்ள குண்டு 5.7 மி.மீ. குழலுக்குள் நுழையப் பார்க்கும். வழியில்லாத அழுத்தம் ரைஃபிளைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இரண்டு ரைஃபிளும் வைத்திருப்பவர்கள் ஒரே நாளில் ஒரே மேசைக்கு இரண்டையும் கொண்டுபோகாமல் இருப்பதே மேல். மேகசின்களுக்கு நிற நாடா ஒட்டுவது நல்ல பழக்கம். ஆனால் நிரப்பும்போது கண் தவறினால் நாடா காப்பாற்றாது. ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் பொறித்திருப்பதைப் படித்துத்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்தது குண்டின் எடை. கனமான குண்டு என்றால் துல்லியம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. குழலின் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதைப் பார்க்காமல் எடையைத் தேர்ந்தெடுக்க முடியாது. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருக்கும் பழைய பாணிக் குழலில் 55 கிரெய்ன், அதாவது சுமார் மூன்றரை கிராம் குண்டு நன்றாகப் போகும். அதே குழலில் 77 கிரெய்ன் குண்டை விட்டால் போதுமான சுழற்சி கிடைக்காமல் அது காற்றில் தடுமாறும். 7 அல்லது 8 அங்குலச் சுற்றுள்ள குழலுக்கு அது சரியான எடை. இலக்குத்தாளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் நீண்டு கிடந்தால், குண்டு பக்கம் திரும்பி மோதியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு ஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எம்1 கேரண்ட் போன்ற பழைய ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த எடை விவகாரம் இன்னும் முக்கியம். அதில் போல்ட்டை இயக்க வாயுவை எடுக்கும் துளை குழல்வாய்க்கு அருகில் இருக்கிறது. மெதுவாக எரியும் மருந்தும் கனமான குண்டும் கொண்ட வேட்டைத் தோட்டாக்களைப் போட்டால், அந்த இடத்தில் அழுத்தம் மிச்சமாக நின்று, போல்ட்டைத் தள்ளும் ஆப்பரேட்டிங் ராடை வளைத்துவிடக்கூடும். பெட்டியில் அதன் தோட்டா வகையான .30-06 என்று போட்டிருப்பது மட்டும் போதாது. அந்த ரைஃபிளுக்கென்றே தயாரித்த தோட்டாவாக இருக்க வேண்டும்.

சின்னத் தோட்டா போடும் .22 எல்ஆர் ரைஃபிளில் பிரச்சினை நேர்மாறாக வரும். ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாக்கள் சத்தம் குறைவு, துல்லியமும் நன்று. ஆனால் பல செமி ஆட்டோக்களில் போல்ட்டை முழுத் தூரம் பின்னுக்குத் தள்ளும் தெம்பு அவற்றுக்கு இருக்காது. கூடு பாதியில் சிக்கும். ஒரு வகையை மொத்தமாக வாங்குவதற்கு முன் நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி உங்கள் ரைஃபிளில் சுட்டுப் பாருங்கள். ஒரே மாடல் இரண்டு ரைஃபிள்கள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும்.

மலிவாகக் கிடைக்கும் பழைய ராணுவத் தோட்டாக்களுக்கு வருவோம். கிழக்கு ஐரோப்பிய ராணுவக் கிடங்குகளிலிருந்து வரும் 7.62×39, 7.62×54ஆர் வகைகள் பலவற்றின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்ததும் குழலில் பொட்டாசியம் குளோரைடு படியும். நம் சமையல் உப்பின் உறவுக்காரன்தான் இது. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். இதில் எல்லாரும் செய்யும் தவறு, நிறைய எண்ணெய் ஊற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே குழல், போல்ட் முகம், வாயுப் பிஸ்டன், பிஸ்டன் போகும் குழாய் எல்லாவற்றையும் சுடுநீரால் அலசி, நன்றாகக் காயவைத்து, அதன் பிறகு எண்ணெய் போட வேண்டும். பலர் குழலைக் கழுவிவிட்டுப் பிஸ்டனை மறந்துவிடுகிறார்கள். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

இரும்புக் கூடு கொண்ட தோட்டாக்களைப் பற்றித் தேவைக்கு அதிகமாகவே பயம் இருக்கிறது. பித்தளைபோல அது சேம்பர் சுவரில் ஒட்டி விரியாது, அதனால் புகைக்கரி கொஞ்சம் அதிகமாகப் பின்னால் வரும். சேம்பரை இன்னும் அடிக்கடி துடைக்க வேண்டும், அவ்வளவுதான். குண்டின் உறையிலும் இரும்பு கலந்திருந்தால் மட்டும் குழல் சீக்கிரம் தேயும். எம்855 போல மூக்கில் எஃகு வைத்த குண்டுகளைப் பல ரேஞ்சுகள் (சுடும் மைதானங்கள்) அனுமதிப்பதில்லை. எஃகு இலக்கை அவை குழிப்படுத்தும், பொறி பறக்கும். வாங்குவதற்கு முன் ரேஞ்சில் கேட்டுவிடுங்கள்.

கையால் மறுநிரப்பல் செய்த தோட்டா என்றால் எனக்கு ஒரே ஒரு விதிதான்: நிரப்பியவர் நீங்களாக இல்லாவிட்டால் சுடாதீர்கள். செமி ஆட்டோவில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. ஏஆர்-15, பெரும்பாலான எஸ்கேஎஸ் போன்ற செமி ஆட்டோ ரைஃபிள்களில் பிரைமரை அடிக்கும் ஃபைரிங் பின்னைப் பிடித்துவைக்க ஸ்பிரிங் இருக்காது. போல்ட் வேகமாக முன்னால் வந்து மூடும்போது பின் தன் வேகத்திலேயே பிரைமரை லேசாகத் தட்டும். ஒரு தோட்டாவை சேம்பரில் ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். பிரைமரின் நடுவில் ஊசிமுனை பட்டதுபோல ஒரு சிறு பள்ளம் தெரியும். ஏஆர்-15-இல் அது இயல்புதான். ஆனால் பிரைமர் மிருதுவாகவோ, கூட்டின் அடியிலிருந்து மயிரிழை வெளியே துருத்திக்கொண்டோ இருந்தால், அந்தத் தட்டலே சுட்டுவிடும், அதுவும் நீங்கள் ட்ரிகரைத் தொடாமலே. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதும் இதனால்தான் கூடாது. பிரைமரில் பள்ளம் ஆழமாகும், குண்டும் கூட்டுக்குள் அமுங்கி அழுத்தத்தை ஏற்றும்.

இனி, உயிர் போகக்கூடிய தவறு. சுடும்போது வழக்கமான சத்தம் வராமல் “பொட்” என்று மந்தமாக ஒரு சத்தம், உதைப்பும் இல்லை, கூடும் வெளியே வரவில்லை. தோட்டாவில் மருந்து இல்லாமல் பிரைமர் மட்டும் எரிந்து, குண்டைக் குழலுக்குள் பாதி வழியில் நிறுத்தியிருக்கலாம். இந்த இடத்தில் பயிற்சி பெற்றவர்களின் கைதான் அதிக ஆபத்து. சிக்கல் வந்தால் மேகசினைத் தட்டி, போல்ட்டை இழுத்து, உடனே அடுத்ததைச் சுடு என்று கை பழகியிருக்கும். அப்படிச் சுட்டால் இரண்டாவது குண்டு முதல் குண்டின் முதுகில் போய் மோதும், குழல் வெடிக்கும். சத்தம் வித்தியாசமாக இருந்தால் நிறுத்துங்கள். குழல்வாயை இலக்குப் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள், மருந்து இருந்தால் அது தாமதமாகவும் எரியலாம். பிறகு மேகசினை எடுத்து, சேம்பரைக் காலிசெய்து, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று சேம்பர் பக்கமிருந்து பாருங்கள். தெரியவில்லை என்றால் அன்றைக்கு அந்த ரைஃபிளுக்கு ஓய்வு. பக்கத்துத் தடத்தில் சத்தம் அதிகமாக இருக்கும்போது இந்த “பொட்” காதில் விழாமல் போகும், அதனால் தோளில் உதைப்பு குறைந்ததையும் கவனிக்கப் பழகுங்கள்.

சுத்தம் செய்யும் மேசையில்

இங்கே முதல் தவறு வரிசையில் நடக்கிறது. போல்ட்டை இழுத்துத் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, அப்புறம் மேகசினை எடுப்பது. போல்ட் திரும்பும்போது மேகசினிலிருந்து இன்னொன்றை ஏற்றிவிடும். மேகசினை எடுத்தால் காலி என்று மனம் நம்பிவிடும், சேம்பரில் தோட்டா இருக்கும். எப்போதும் மேகசின் முதலில். அப்புறம் போல்ட்டை இழுத்துப் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

சுத்தம் செய்யாததால் கெட்ட குழல்களைவிட, தப்பாகச் சுத்தம் செய்து கெட்டவை அதிகம் என்பது என் கருத்து. குண்டு கடைசியாகத் தொடும் இடம் குழல்வாயின் விளிம்பு. முன்பக்கமிருந்து இரும்புக் கம்பியைச் செருகி உரசினால் அந்த விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து, துல்லியம் போய்விடும். முடிந்தவரை சேம்பர் பக்கமிருந்தே கம்பியைச் செலுத்துங்கள். கேரண்ட் மாதிரி பின்னாலிருந்து நுழைய முடியாதவற்றுக்கு இழுப்புக் கயிறு நல்லது. .22 குழலுக்கு இவ்வளவு உபசாரமே வேண்டாம். அதன் ஈயக்குண்டில் மெழுகு பூசியிருக்கிறது. துல்லியம் குறையும்வரை குழலை விட்டுவிட்டு, கரி சேரும் போல்ட்டையும் சேம்பரையும் மட்டும் துடைத்தால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் எல்லா இடத்திலும் கொஞ்சம் என்று தெளிப்பது தவறு. போல்ட்டில் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும் இடங்களைப் பாருங்கள். உலோகம் உலோகத்தோடு உரசும் அந்த இடங்களுக்குத்தான் எண்ணெய் வேண்டும். ஏஆர்-15-இல் போல்ட்டின் வாயு வளையங்கள், போல்ட்டைச் சுழற்றும் கேம் பின், போல்ட்டைச் சுமக்கும் கேரியரின் ஓட்டத் தடங்கள். பிஸ்டன் வகை ரைஃபிளில் பிஸ்டனும் அதன் குழாயும் உலர்ந்தே இருக்கட்டும், சூட்டில் எண்ணெய் கருகிப் பிசினாகும். சேம்பரில் எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காமல் முழு உதையையும் போல்ட்மேல் போடும். ஃபைரிங் பின் துளையில் எண்ணெய் நின்றால் குளிரில் அது இறுகி, பின் மெதுவாக அடிக்கும். மேகசினுக்குள்ளும் வேண்டாம், தூசி ஒட்டும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்கு நன்று, ஆனால் உரசும் பாகத்தில் அது நிலைத்து நிற்காது.

ஏஆர்-15-ஐப் பிரித்து வைத்திருக்கும்போது கீழ்ப்பாகத்தின் ட்ரிகரை இழுத்து விளையாடுவதும் பலருக்குப் பழக்கம். தடுக்க ஒன்றுமில்லாமல், ஃபைரிங் பின்னை அடிக்கும் உள்சுத்தியல் நேராக, போல்ட்டைப் பின்னால் பூட்டிவைக்கும் போல்ட் கேட்சில் போய் அடிக்கும், உடைக்கவும் செய்யும். இழுத்தே ஆக வேண்டுமென்றால் கட்டைவிரலால் சுத்தியலைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டா சிக்கத் தொடங்கினால் உடனே ஆளுக்கு ஆள் ஒரு உதிரிபாகம் மாற்றச் சொல்வார்கள். முதலில் மேகசினை மாற்றுங்கள். மேகசின்களில் எண் எழுதி வைத்திருந்தால், மூன்றாம் எண் மட்டும் தகராறு செய்கிறது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். தோட்டாவைத் தாங்கும் விளிம்பு வளைந்திருக்கும், தூக்கிப் போட வேண்டியதுதான். மேகசின் சரி என்றால் தோட்டாவை மாற்றுங்கள். அதுவும் சரி என்றால் எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை இழுக்கும் கொக்கி), வாயு வளையம். ஏஆர்-15-இன் வளையத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். போல்ட்டை முன்னால் இழுத்து, கேரியரை அதன்மேல் செங்குத்தாக மேசையில் நிறுத்துங்கள். தன் எடைக்கே கேரியர் கீழே சரிந்தால் வளையம் தேய்ந்துவிட்டது. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

சுட்ட கூடுகளைப் பார்க்காமல் குப்பையில் போடுவது எனக்குப் பெரிய வருத்தம். ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்புங்கள். பிரைமரின் ஓரம் கொஞ்சம் உருண்டையாக இருந்தால் அழுத்தம் பெரும்பாலும் அளவோடு இருக்கிறது. தட்டையாகி ஓரமே தெரியாமல், அடியில் எஜெக்டர் (கூட்டை எறியும் ஊசி) பட்ட பளபளப்பான தேய்ப்பும் இருந்தால் அழுத்தம் அதிகம், அந்தப் பெட்டியை மூடிவையுங்கள். அடிக்குச் சற்று மேலே கூட்டைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தெரிந்தால், கூடு அங்கே நீண்டு பிளக்கத் தொடங்கியிருக்கிறது. ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை, அளக்கத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் ரைஃபிளைக் கொண்டுபோக வேண்டும், அதுவரை சுடக் கூடாது.

வீட்டில் வைக்கும்போது நுரை வைத்த பெட்டியிலும் தோல் உறையிலும் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோலின் பதனிடு ரசாயனம் பித்தளைத் தோட்டாவைப் பச்சையாக்கும். தோட்டாக்களை அவற்றின் சொந்த அட்டைப்பெட்டியோடு, காற்றுப்புகாத டப்பாவில், குளிர்ந்த இடத்தில் பூட்டி வையுங்கள். தயாரிப்புத் தொகுதி எண் அந்த அட்டையில்தான் இருக்கும். தயாரிப்பாளர் ஒரு தொகுதியைத் திரும்பப் பெற்றால், உதிரியாகக் கொட்டி வைத்தவருக்குத் தன்னிடம் இருப்பது அதுவா என்றே தெரியாது.

பிரைமர் புகையிலும் குண்டிலும் ஈயம் உண்டு. சுட்டு முடித்ததும், சுத்தம் செய்து முடித்ததும், எதையும் சாப்பிடுவதற்கு முன் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை கழுவுங்கள், முகத்தையும் சேர்த்து. ரேஞ்சுக்குப் போட்ட உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.