செல்லக்கடியும் முன்னங்காலும்: புதிதாக வந்த நாயிடம் செய்யக் கூடாதவை

தத்தெடுத்து வந்த நாய் கையைக் கவ்வுகிறது, முன்னங்காலால் மடியைப் பிறாண்டுகிறது என்றதும் பலர் அவசர முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: இது கடிநாய், அல்லது நம் தலைமேல் ஏறப் பார்க்கிறது. பெரும்பாலும் இரண்டுமே தவறு. விளையாட அழைக்கவும், கவனத்தைக் கேட்கவும், பதற்றத்தைக் காட்டவும் நாய் பயன்படுத்துவது வாயையும் முன்னங்காலையும்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வாயை அல்ல, உடலை. உடல் தளர்ந்து, நெளிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தால் அது விளையாட்டு. உடல் விறைத்து, காதுகள் பின்னுக்குப் போய், கண்ணின் வெள்ளை தெரிந்து, உதட்டை நக்கியபடி கவ்வினால் ‘விலகிப் போ’ என்கிறது. ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கி நிற்பதும் பல நேரங்களில் தயக்கத்தின் அடையாளம். ‘கை கொடுக்கிறது’ என்று மகிழ்ந்து, அப்போதே அதைக் கட்டி அணைப்பது வேண்டாத வேலை.

மிகுந்த சேதம் விளைவிப்பது தண்டனை. வாயை இறுக்கிப் பிடிப்பது, மூக்கில் தட்டுவது, மல்லாக்கத் தள்ளி அமுக்குவது ஆகியவற்றுக்குப் பின்னால் ‘நாமே கூட்டத் தலைவன் என்று காட்ட வேண்டும்’ என்ற எண்ணம் இருக்கிறது. அடைத்து வைத்த ஓநாய்கள் தலைமைக்காக மோதிக்கொள்வதைக் கவனித்து, விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்வில் அதன் வேர் உண்டு. அந்தக் கருத்தைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், இயல்பான ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்று 1999இல் தெளிவுபடுத்திவிட்டார். ஆனாலும் அறிவுரை சொல்பவர்கள் பழையதை விடுவதாக இல்லை. உங்களை இன்னும் சரியாக அறியாத நாய் அமுக்கப்படும்போது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதக் கை ஆபத்தானது. உறுமலை அதட்டி அடக்குவதும் அப்படியே. எச்சரிக்கை பலிக்காது என்று கண்ட நாய், எச்சரிக்காமலே கடிக்கத் தொடங்கலாம்.

கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. விரல்களை ஆட்டி விளையாட்டுக் காட்டவும் வேண்டாம். ‘ஆ’ என்று கத்தச் சொல்வார்கள். சில நாய்கள் அதில் விலகும், சில இன்னும் குதூகலிக்கும். எனவே அதை நம்பியிருக்காமல், கையை அசைக்காமல் தளர்த்தி, கவ்வுவதற்கு ஒரு பொம்மையை நீட்டுவது மேல்.

பிறாண்டும் காலைத் தள்ளிவிட்டு ‘வேண்டாம், வேண்டாம்’ என்பது கண்டிப்பு என்று நினைக்கிறோம். நாய்க்கோ பார்வை, பேச்சு, தொடுதல் மூன்றும் கிடைத்துவிட்டன. பேசாமல் எழுந்து திரும்பிச் சில நொடிகள் விலகி நில்லுங்கள். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது நீங்களே போய்க் கொஞ்சுங்கள். தொடக்கத்தில் பிறாண்டல் கூடும், அதுவரை பலித்த உத்தி ஆயிற்றே. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் இரங்கிவிட்டால், விடாமல் பிறாண்டினால் பலன் உண்டு என்று அது கற்றுக்கொள்ளும். அச்சத்தால் ஒட்டிக்கொள்ளும் நாயை மட்டும் இப்படிப் புறக்கணிக்காதீர்கள். அதற்கு அமைதியான துணை தேவை.

‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்பதும் பாதி உண்மைதான். குட்டியின் 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைத்து முடிய ஏறத்தாழ ஏழு மாத வயதாகும். அதுவரை ஈறு நமைச்சலில் எதையாவது மென்றுகொண்டே இருக்கும். வளர்ந்த நாய்க்கு அந்தக் காரணம் கிடையாது, பழக்கித்தான் ஆக வேண்டும். மாலையில் மட்டும் கவ்வல் அதிகமானால் தூக்கம் போதவில்லையா என்றும் பாருங்கள். குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும்.

இதுவரை கவ்வாத நாய் திடீரெனக் கவ்வத் தொடங்கினாலோ, தொட்டதும் கடிக்கத் திரும்பினாலோ வலி இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விளையாட்டிலேயே என்றாலும் பல் பட்டுத் தோல் கிழிந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசி பற்றி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.