முதல் ஏர் பிஸ்டல் போட்டிக்குத் தயாராவது எப்படி?

ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுடும் மல்ட்டிகன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "சென்னையில் இதற்கு எங்கே ஆரம்பிக்கலாம்?" என்று பலர் கேட்கிறார்கள். காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஆரம்பியுங்கள். ட்ரிகர் பழக்கம் கைக்கு வராமல் மூன்று துப்பாக்கி இருந்தும் பயனில்லை.

முதலில் ரேஞ்ச், அதாவது சுடப் பழகும் இடம். எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது, வேளச்சேரி குரு நானக் கல்லூரியிலும் ரேஞ்ச் உண்டு. அவசரப்பட்டுச் சொந்தமாக பிஸ்டல் வாங்காதீர்கள். எந்தப் பிடி கைக்குப் பொருந்தும் என்பது பழகினால்தான் தெரியும்.

பாதுகாப்பில் சலுகையே கிடையாது. குழல் எப்போதும் டார்கெட் பக்கம். சுடாதபோது குழலுக்குள் சேஃப்டி ஃப்ளாக், அதாவது உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் பளிச்சென்ற நிற இழை.

அப்புறம் நிற்கும் விதம். ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும், மற்றக் கை பாக்கெட்டில் இருக்கட்டும். கண்ணை மூடிக் கையைத் தூக்கி, திறந்து பாருங்கள். பிஸ்டல் டார்கெட்டிலிருந்து விலகி நின்றால் கையை வளைக்காமல் பின்காலை நகர்த்துங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. ரியர்சைட் (கண்ணுக்கு அருகிலுள்ள பின் குறி) பள்ளத்தின் நடுவில் ஃபோர்சைட் (குழல் முனையிலுள்ள முன் குறி) நிற்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம், மேல்விளிம்புகள் ஒரே மட்டம். கண் ஃபோர்சைட்டில்தான். டார்கெட்டின் 59.5 மி.மீ. கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும். கை ஆடும், எல்லோருக்கும் ஆடும், அது பெரிய சேதம் செய்யாது. ஆனால் ஃபோர்சைட் 1 மி.மீ. விலகினால் டார்கெட்டில் சுமார் 30 மி.மீ. தள்ளிப்போகும்; பத்துப் புள்ளி விழ வேண்டிய இடத்தில் ஏழுதான்.

ட்ரிகரின் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசை, குறைந்தது 500 கிராம். அழுத்தத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். 'இப்போ சரியா இருக்கு' என்று வெடுக்கென்று இழுத்தால் சைட் கலைந்துவிடும். நேரம் நீண்டால் சுடாமல் கையை இறக்குங்கள். இதைப் பழக வெறும் வெள்ளைச் சுவர் போதும். ட்ரை ஃபயர் (குண்டு இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுப்பது) வசதியுள்ள பிஸ்டலில் மட்டும் செய்யுங்கள். ஸ்பிரிங் வகையை பெல்லட் (ஏர் பிஸ்டலின் சிறு குண்டு) இல்லாமல் சுட்டால் உள்ளே அடிபடும்.

போட்டியில் 75 நிமிடத்தில் 60 ஷாட், அதற்கு முன் 15 நிமிடம் தயாரிப்பும், புள்ளியில் சேராத சைட்டர் ஷாட்களும். சில வாரம் முன்பிருந்தே கடிகாரம் வைத்து முழுசாகச் சுட்டுப் பாருங்கள். கணுக்காலை மூடாத ஷூ போடுங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பிடி வழுக்கும்; சின்னத் துண்டு ஒன்று மேசைமேல் இருக்கட்டும். முடிந்ததும் ரேஞ்ச் ஆபீசர் பிஸ்டலைச் சரிபார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள்.