பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்கு: விசா, முதல் வீடு, முகவரிப் பதிவு

ஜெர்மனியில் வேலை கிடைத்து ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. உடனே நம் பிள்ளைகள் செய்வது இரண்டு: விமான டிக்கெட் விலை பார்ப்பது, பெர்லினிலோ மியூனிக்கிலோ பால்கனியோடு வீடு தேடுவது. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த ஊரில் ஒரு காகிதம் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். எதை முதலில் வாங்குவது என்று தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பட்டம் பெற்று வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எடுக்கும் ப்ளூ கார்டு வழியை வைத்தே சொல்கிறேன். ப்ளூ கார்டு என்பது பட்டதாரிகள் அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி அட்டை; இங்கிருந்து விசாவில் போய், அட்டையை அங்கே வாங்க வேண்டும்.

படி 1: பட்டமும் சம்பளமும்

அனபின் என்ற ஜெர்மன் அரசுத் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். கல்லூரிப் பெயர் அல்ல, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயர். அது 'எச் பிளஸ்' (அங்கீகாரம் உண்டு என்ற குறி) என்று இருந்து, உங்கள் பட்டமும் பட்டியலில் இருந்தால், அந்தப் பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பட்டத்துக்குத் தனியாக மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். அதற்கு நாளாகும், உடனே விண்ணப்பியுங்கள். சம்பளத்துக்கும் குறைந்தபட்ச வரம்பு உண்டு. 2025இல் அது ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆட்கள் குறைவாக உள்ள துறைகளுக்கும் புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கும் இன்னும் குறைவு. ஆண்டுதோறும் மாறும் தொகை இது, விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பாருங்கள்.

படி 2: பெயர்

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஆஃபர் லெட்டரில் இரண்டும் இடம் மாறி. சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலி. அங்கே வங்கி, காப்பீடு, வீட்டு ஒப்பந்தம் என்று எல்லாப் படிவமும் குடும்பப் பெயர் கேட்கும். பாஸ்போர்ட்டைத் திருத்துவதாக இருந்தால் விசாவுக்கு முன்னால் திருத்துங்கள். இல்லை, அப்படியே போகிறேன் என்றால், பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்து மாறாமல் ஆஃபர் லெட்டரை மாற்றித் தரச் சொல்லுங்கள். எச்.ஆரிடம் கேட்டால் மாற்றித் தருவார்கள்.

படி 3: விசா விண்ணப்பம்

எந்தத் தூதரகம் என்பதை நீங்கள் வசிக்கும் மாநிலம்தான் தீர்மானிக்கும். கர்நாடகத்தில் இருப்பவர்களுக்குப் பெங்களூர்த் துணைத் தூதரகம், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னை. பாஸ்போர்ட்டில் சேலம் முகவரி, ஆனால் இருப்பது பெங்களூர் மடிவாளாவில் என்றால், இங்கே வசிப்பதற்கான ஆதாரம் தேவைப்படும். வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அறை நண்பர் பெயரில் ஒப்பந்தம் போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் ஓனரைத் தேடி ஓடுகிறவர்கள் நிறைய.

ஆவணங்களை இணையத்தில் பதிவேற்றிவிட்டு, நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்டலாம். மனைவியோ கணவரோ கூட வருவதாக இருந்தால், கோயிலில் கல்யாணம் நடந்த ரசீது போதாது, பதிவாளர் கொடுத்த திருமணச் சான்றிதழ் வேண்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமில்லை. போனதும் வேலையும் பார்க்கலாம். ஆனாலும் இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டில் ஜெர்மன் சொல்லித்தரும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கும்போது, ஏ1 என்ற தொடக்கநிலை வகுப்பை இங்கேயே முடிப்பது நல்லது. அங்கே போன பிறகு நேரம் கிடைக்காது.

படி 4: முதல் வீடு

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெங்களூரில் இருந்துகொண்டே நிரந்தர வீடு பிடிக்கப் பார்க்காதீர்கள். நேரில் பார்க்காதவருக்கு அங்கே வீடு தருகிறவர்கள் குறைவு. உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரு முகவரி, அவ்வளவுதான். ஓரிரு மாதத்துக்குப் பொருள்களோடு கூடிய தற்காலிக வீடு எடுங்கள். வுண்டர்ஃபிளாட்ஸ் போன்ற தளங்களில் முழு வீடாகக் கிடைக்கும்; டபிள்யூ.ஜி. கெசூக்ட் தளத்தில் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறையாகக் கிடைக்கும்.

வாடகை, தூரம், அடுப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த முகவரியில் 'அன்மெல்டுங்' செய்ய முடியுமா? அதாவது நகராட்சியில் நான் இங்கே குடியிருக்கிறேன் என்று பதிவு செய்வது. இதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஓர் உறுதிச்சீட்டு தேவை. சில வீட்டுக்காரர்கள் தர மாட்டார்கள், ஹோட்டலிலும் பெரும்பாலும் கிடைக்காது. "முடியாது" என்றால் வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தாலும் அதே கதைதான்.

ஏமாற்று வேலையும் இங்கேதான் நடக்கும். படத்தில் பளபளவென்று வீடு, ஊருக்கு நடுவில், பாதி வாடகை. ஓனர் வேறு நாட்டில் இருக்கிறாராம், டெபாசிட் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். அனுப்பவே அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலையும் கொடுக்காதீர்கள். அந்த ஊரில் தெரிந்தவர்கள் இருந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்லலாம்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் யோசனை: வேலை கிடைத்தவர் மட்டும் முதலில் போய்ச் சேரட்டும். ஓர் அறையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வீடு தேடுவது கொடுமை.

படி 5: இங்கே முடிக்க வேண்டியவை

வீட்டு ஓனருக்கு ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து, அட்வான்ஸ் கணக்கை நீங்கள் இருக்கும்போதே முடியுங்கள். பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வேலைக்காக வெளிநாடு போய்த் தங்குகிறவர்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஓ.டி.பி.க்காக இந்திய சிம்மில் ரோமிங்கை இயக்கி வையுங்கள். அசல் சான்றிதழ்கள் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் வேண்டாம். மிக்ஸி கொண்டு போகலாம்: மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது, அடாப்டர் வேண்டும். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் சட்னி அரைக்க முடியாது, அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்கள்.

படி 6: இறங்கியதும்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பெர்லின் மாதிரி ஊர்களில் அதற்கு நேரம் கிடைப்பதே பெரும்பாடு, விசா வந்ததுமே தேதி தேட ஆரம்பியுங்கள். பதிவு முடிந்தால் வரி எண் சில வாரங்களில் தபாலில் வரும்.

தபால் என்றதும் ஒரு விஷயம். அங்கே கதவு எண்ணைப் பார்த்துக் கடிதம் போட மாட்டார்கள். கீழே வரிசையாகப் பெட்டிகள் இருக்கும், தபால்காரர் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பார். உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும், வங்கி அட்டையும் வரி எண்ணும் அதோடு போகும். சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஒட்டுங்கள். அவர் ஆளை அனுப்பி அச்சடித்த பெயர்ப்பலகை மாட்டுவது பிறகு நடக்கட்டும்.

விசா முடியும் தேதிக்கு முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் ப்ளூ கார்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

படி 7: நிரந்தர வீடு

சம்பளச் சீட்டு கைக்கு வந்த பிறகு தேடினால் மதிப்பு கூடும். விளம்பரத்தில் 'கால்ட்மீட்டே' என்பது வெறும் வாடகை. 'வார்ம்மீட்டே'யில் சூடேற்றும் செலவு, பராமரிப்பு எல்லாம் சேரும், மின்சாரம் பெரும்பாலும் தனி. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய பெங்களூர்க்காரர்களுக்கு ஆறுதலான செய்தி: டெபாசிட் அதிகபட்சம் மூன்று மாத வெறும் வாடகை, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். தரகரை அமர்த்தியவரே அவருக்குப் பணம் தர வேண்டும். அதிர்ச்சியான செய்தியும் உண்டு: பல வீடுகளில் சமையலறையே இருக்காது, குழாய் முனையும் சுவரும்தான். 'சமையலறை உண்டா' என்று கேட்டுவிட்டுப் பார்க்கப் போங்கள்.

கடன் வரலாற்றுச் சான்றான ஷூஃபா கேட்பார்கள், புதிதாக வந்தவரிடம் அதில் சொல்லும்படி எதுவும் இருக்காது. வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், இப்போதைய வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம் மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி முதல் மின்னஞ்சலிலேயே இணையுங்கள்.

புது வீட்டுக்குப் போனால் மறுபடியும் இரண்டு வாரத்துக்குள் பதிவு. அப்புறம் வானொலி, தொலைக்காட்சிக்கென்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். டிவியே இல்லையே, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று கிழித்துப் போடாதீர்கள், அது கட்டாயம். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், கூடத் தங்கியிருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டுவிடுங்கள்.