கறிவேப்பிலையைப் புழுவுக்கு விடுங்கள்: டர்பனில் ஒரு பட்டாம்பூச்சித் தோட்டம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லை நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். இரண்டு வருடம் பூச்செடியாக வாங்கி நட்டேன். பட்டாம்பூச்சி வரும், ஒரு சுற்று சுற்றும், போய்விடும். எங்கே தப்பு என்று பிடிபட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பருவம். இந்தியாவிலிருந்து வரும் குறிப்புகள் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும். ஆடி நமக்குக் குளிர்காலம், மழையும் இல்லை. புரட்டாசி விரதம் தொடங்கும்போது மண்ணைக் கிளறுங்கள், சரியாக இருக்கும். குழி, எரு எல்லாம் உங்களுக்கே தெரியும்.

அடுத்து பூ. மாலைக்கு வளர்க்கும் அடுக்குச் செண்டுமல்லி கண்ணுக்குத்தான் அழகு. அத்தனை இதழைத் தாண்டித் தேனீயால் உள்ளே போக முடியாது. ஒற்றை அடுக்குப் பூவாகப் பாருங்கள். துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிவிடுவோம் அல்லவா, ஒரு செடியைக் கிள்ளாமல் விடுங்கள். காலையில் தேனீ மொய்க்கும். இந்த மண்ணின் செடிகளில் புல்பைன், நிழலுக்கு பிளெக்ட்ராந்தஸ், ஆரஞ்சுப் பூவுக்கு வைல்ட் டகா. (இங்கே 'டகா' என்றால் கஞ்சா. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், இது கஞ்சா இல்லை.) உண்ணிச்செடிக்குப் பட்டாம்பூச்சி நிறைய வரும், ஆனால் தென்னாப்பிரிக்காவில் அது சட்டப்படி ஒழிக்க வேண்டிய அந்நியச் செடி. வேண்டாம்.

இனி நான் சறுக்கிய இடம். பூ விருந்தாளிக்கு, குடியிருக்க வேண்டுமென்றால் பிள்ளைக்கு, அதாவது புழுவுக்கு, சாப்பாடு வேண்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கும். அதை 'நோய்' என்று நினைத்து மருந்தடித்தேன். அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் ஆப்பிரிக்கச் சொந்தக்காரனுடைய புழு! வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். எலுமிச்சைச் செடியிலும் இருக்கும். "குழம்புக்கு ஒரு ஈர்க்கு மிச்சம் வைக்கலையே இது" என்று அம்மா சத்தம் போட்டார். சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என்று இரண்டு செடி வைத்தேன், வீட்டில் சமாதானம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்கு எருக்கு இனம் வேண்டும்; சாலையோரத்தில் முடி முளைத்த பந்து போலக் காய்க்குமே, அந்தச் செடி போதும்.

தண்ணீருக்கு ஆழமில்லாத மண்தட்டு. கூழாங்கல் நிரப்பி, கல் தலை வெளியே தெரியும் அளவுக்கு ஊற்றுங்கள், இல்லையென்றால் தேனீ மூழ்கிச் சாகும். கொசு வராமல் தினம் மாற்றுங்கள்.

கருவி? மருந்துத் தெளிப்பானைத் தூக்கிப் போடுங்கள். அசுவினிப் பூச்சிக்கு ஹோஸ் பைப்பில் பீய்ச்சும் தண்ணீரே போதும். கடையில் விற்கும் மூங்கில் 'தேனீ வீடு' எனக்குப் பிடிக்காது. ஒரு மூலையில் வெறும் மண்ணையும் உளுத்த கட்டை ஒன்றையும் விடுங்கள். மண்ணுக்குள் கூடு கட்டும் தேனீக்களும் மரத்தைத் துளைக்கும் கருவண்டுத் தேனீயும் தாமே வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவருக்கு, வாங்கி வந்த செடியில் புழு செத்துச் செத்து விழுந்திருக்கிறது. நாற்றங்காலில் வேர் வழியாக மருந்து கொடுத்திருந்தால் அது இலையிலும் தேனிலும் ஏறிவிடும். வாங்கும்போதே கேளுங்கள், முடிந்தால் விதை போட்டே வளர்த்துவிடுங்கள்.

இன்னொன்று: கிளையில் தேனீக் கூட்டம் கொத்தாகத் தொங்கினால் புகை போடவோ கல்லெறியவோ கூடாது. நம் ஊர்த் தேனீக்குக் கோபம் அதிகம். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே விட்டுவிட்டுத் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், எருக்கு இனத்தை வெட்டும்போது கையுறை போடுங்கள். அந்தப் பாலோடு நான் கண்ணைக் கசக்கிவிட்டு அன்று ராத்திரி தூங்கவே இல்லை.