ஏ.ஆர்.டி. எடுத்துக்கொள்பவர்கள் சிபிலிஸ் தொற்றைக் கண்டறிந்து கண்காணிக்கும் முறை

எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸைக் குறைத்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. ஆனால் அந்த மாத்திரைகள், உடலுறவால் பரவும் பாக்டீரியா நோய்களான சிபிலிஸையோ கொனோரியாவையோ தடுப்பதில்லை. சிபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆசனவாயின் உள்ளேயோ கருப்பை வாயிலோ தோன்றினால் கண்ணில் படாமலே சில வாரங்களில் ஆறிவிடும். எனவே அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள், மருந்து வாங்கச் செல்லும் நாளிலேயே அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்தில் (பால்வினை நோய்ப் பிரிவு) சிபிலிஸுக்கான ஆர்.பி.ஆர். அல்லது வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனையைக் கேட்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது இது தேவை. ஒருவருக்கு மேற்பட்டோருடன் உறவு இருந்தால் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை செய்துகொள்வது நல்லது. வாய்வழி, ஆசனவாய் வழி உறவு இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; தொண்டையில் தங்கும் கொனோரியாவைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டாது.

சிபிலிஸ் தொற்று உறுதியானால், 1:32 என்பது போன்ற விகித எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பரிசோதனை பாசிட்டிவ் காட்டுகிறது என்பதை இது சொல்கிறது. பலரும் இதைக் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். பின்னர் வரும் எல்லா முடிவுகளையும் ஒப்பிட இந்த எண்தான் அடிப்படை. தொடக்க நிலையில் பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் ஒருமுறை போடப்படும். தொற்று பழையதாகவோ காலம் தெரியாததாகவோ இருந்தால் வாரம் ஒன்றாக மூன்று முறை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வரக்கூடும். அது பெரும்பாலும் தானே தணியும். பார்வை மங்குதல், காது கேளாமை, கடும் தலைவலி ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் அப்போது சிகிச்சையே வேறு.

சிகிச்சைக்குப் பின் 3, 6, 9, 12, 24 ஆகிய மாதங்களில், இயன்றவரை அதே ஆய்வகத்தில், அதே பரிசோதனையைச் செய்ய வேண்டும். 1:32 என்பது 1:8 ஆக, அதாவது நான்கு மடங்கு குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. 1:16 என்பது போதுமான இறக்கம் அல்ல. குறைந்த எண் மீண்டும் நான்கு மடங்கு உயர்ந்தால் புதிய தொற்றாகவோ சிகிச்சை பலனளிக்காததாகவோ இருக்கலாம். சிபிலிஸுக்கான மற்றொரு இரத்தப் பரிசோதனையான டி.பி.எச்.ஏ., சிகிச்சைக்குப் பிறகும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவ் என்றே காட்டும். அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

தொடக்க நிலைத் தொற்றாக இருந்தால், முந்தைய மூன்று மாதங்களில் உறவு கொண்ட துணைவருக்குப் பரிசோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும் சிகிச்சை தேவை. புண் ஆறி, அவருக்கும் சிகிச்சை முடியும்வரை உடலுறவைத் தவிருங்கள்.