வாஷிங் மெஷின்ல தண்ணி ஏறலையா? தண்ணி வர்ற வழியிலயே போய் பாருங்க

ஸ்டார்ட் அமுக்கியாச்சு, கதவு லாக் ஆகுற சத்தமும் கேட்டாச்சு, ஆனா தண்ணி விழுற சத்தம் மட்டும் வரவே மாட்டேங்குது, கொஞ்ச நேரம் பாத்துட்டு மெஷின் பீப் பீப்னு கத்தி டிஸ்ப்ளேல ஏதோ ரெண்டு எழுத்தை காட்டிட்டு நின்னுடுது. உடனே எல்லாரும் சொல்றது போர்டு போயிடுச்சு, வால்வு போயிடுச்சுன்னுதான். தயவுசெஞ்சு அவசரப்பட்டு எந்த ஸ்பேரும் வாங்கிடாதீங்க. காரணம் பெரும்பாலும் மெஷினுக்கு வெளியில இருக்கும், இல்லன்னா மெஷினோட வாசல்லயே இருக்குற ஒரு சின்ன சல்லடையில இருக்கும், அதை பாக்குறதுக்கு ஒரு பக்கெட், ஒரு நோஸ் பிளேயர், ஒரு பழைய டூத் பிரஷ் போதும்.

அந்த டிஸ்ப்ளே எழுத்தை பத்தி முதல்ல சொல்லிடுறேன். எல்ஜில ஐஇன்னு வரும், சாம்சங்ல 4சி இல்லன்னா 4ஈ, பானாசோனிக்ல யு14, போஷ்ல ஈ17. இது எல்லாத்துக்கும் அர்த்தம் ஒண்ணுதான், "நான் எதிர்பாத்த நேரத்துக்குள்ள எனக்கு வேண்டிய அளவு தண்ணி வந்து சேரலை". எந்த பார்ட் கெட்டுப்போச்சுன்னு அந்த கோடு சொல்லாது, சொல்லவும் முடியாது. அதனால கோடை பாத்து வால்வை மாத்துறது வேண்டாம், டேப்ல ஆரம்பிச்சு டிரம் வரைக்கும் தண்ணி வர்ற வழியிலயே ஒவ்வொண்ணா பாத்துட்டு போனா எங்க நிக்குதுன்னு தானா தெரிஞ்சிடும்.

மெஷினை தொடுறதுக்கு முன்னாடி பட்டன் பக்கம் ஒரு தடவை பாத்துக்கோங்க. டிலே ஸ்டார்ட் ஆன்ல இருந்தா மெஷின் சும்மாதான் நிக்கும், அது ரிப்பேர் இல்ல. ஃப்ரன்ட் லோடுல கதவு லாக் ஆகலைன்னா தண்ணியே விடாது, கதவு இடுக்குல துணி மாட்டியிருந்தாலும் லாக் விழாது. டாப் லோடுல சில மாடல் மூடி திறந்திருந்தாலும் தண்ணி ஏத்தும், சிலது ஏத்தாது, அதனால மூடிட்டே பாருங்க. பின்னாடி சூடு, குளிர்னு ரெண்டு இன்லெட் இருக்குற மெஷின்ல ஒண்ணுல மட்டும் ஹோஸ் மாட்டியிருந்தா, நீங்க வச்சிருக்குற டெம்பரேச்சர் எந்த பக்கத்தை கேக்குதுன்னு பாருங்க, சூடு பக்கம் ஹோஸே இல்லாம ஹாட் வாஷ் வச்சா தண்ணி எங்கிருந்து வரும்.

இப்போ டேப். முழுசா திறந்திருக்கான்னு பாருங்க, பாதி திறந்த டேப்பும் இந்த எரர் கொடுக்கும். அப்புறம் பக்கெட் டெஸ்ட், இதை கண்டிப்பா பண்ணுங்க, ஏன்னா பாதி கேள்விக்கு இதுலயே பதில் வந்துடும். பிளக்கை கழட்டிடுங்க, டேப்பை மூடிடுங்க, மெஷின் பின்னாடி மாட்டியிருக்குற ஹோஸ் முனையை மெதுவா கழட்டி (உள்ள நிக்கிற தண்ணி கொஞ்சம் கொட்டும், கீழ துணி போட்டுக்கோங்க) பக்கெட்டுக்குள்ள விட்டு டேப்பை முழுசா திறங்க. ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு நிறையுதுன்னு பாருங்க. 8 லிட்டருக்கு மேல வந்தா சப்ளை நல்லாருக்கு, பிரச்சனை மெஷின் பக்கம். சொட்டு சொட்டா வந்தா, இல்ல நூல் மாதிரி வந்தா மெஷினை விட்டுடுங்க, அது மேல ஒரு தப்பும் இல்ல.

பக்கெட்ல தண்ணி சரியா வரலைன்னா ஹோஸையும் டேப்ல இருந்து கழட்டிட்டு டேப்பை மட்டும் திறந்து பாருங்க. டேப்ல வேகமா வந்து ஹோஸ்ல வரலைன்னா ஹோஸ்தான் காரணம். மெஷினை சுவத்தோட ஒட்டி தள்ளுறப்போ பின்னாடி ஹோஸ் மடிஞ்சு போயிருக்கும், அது ரொம்ப சாதாரணமா நடக்குறது, ஒரு தடவை நல்லா மடிஞ்ச ரப்பர் ஹோஸ் நிமித்தினாலும் திரும்ப அதே இடத்துல மடியும், அதனால புதுசு மாட்டுறதுதான் நல்லது. சில மெஷின்ல அக்வாஸ்டாப் ஹோஸ் வரும், டேப் பக்கத்துல தடியா ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும், ஹோஸ் உள்ள லீக் ஆச்சுன்னா அது தானா தண்ணியை அடைச்சிடும். அந்த பெட்டியில சின்ன ஜன்னல் இருக்குற மாடல்ல உள்ள சிவப்பு தெரிஞ்சா அது அடைச்சிடுச்சுன்னு அர்த்தம், அந்த வகையை ரீசெட் பண்ண முடியாது, ஹோஸையே மாத்தணும். பனி உறையுற ஊர்ல இருக்குறவங்க ஹோஸும் பைப்பும் உறைஞ்சிருக்கான்னு பாத்துக்கோங்க. தொட்டி கழுவினதுக்கு அப்புறமோ சப்ளை நின்னு திரும்ப வந்ததுக்கு அப்புறமோ இந்த பிரச்சனை வந்திருந்தா பைப்ல காத்து அடைச்சிருக்கலாம், டேப்பை கொஞ்ச நேரம் வேகமா திறந்து விட்டா புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வெளிய போயி தண்ணி சீரா வர ஆரம்பிச்சிடும்.

தொட்டி கழுவின அப்புறம் இன்னொண்ணும் நடக்கும், அடியில கிடந்த வண்டல் எல்லாம் கலங்கி நேரா வந்து சல்லடையில உக்காந்துக்கும். இந்த சல்லடைதான் இந்த மொத்த விஷயத்துலயும் முக்கியமானது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஹோஸ் மாட்டுற இன்லெட்டுக்குள்ள எட்டி பாத்தீங்கன்னா விரல் நுழையுற அளவு வட்டத்துக்குள்ள ஒரு பிளாஸ்டிக் சல்லடை தெரியும், நடுவுல புடிச்சு இழுக்குறதுக்குன்னே ஒரு சின்ன மூக்கு இருக்கும். நோஸ் பிளேயரால அந்த மூக்கை புடிச்சு நேரா வெளிய இழுங்க, திருகாதீங்க, பழைய பிளாஸ்டிக்னா மூக்கு மட்டும் உடைஞ்சு கையோட வந்துடும். எடுத்து வெளிச்சத்துல புடிச்சு பாருங்க. மண்ணு, துரு, பாசி இருந்தா கண்ணுக்கே தெரியும். ஆனா உப்புத்தண்ணி வர்ற வீட்ல சல்லடை பாக்க சுத்தமா இருக்குற மாதிரியே இருக்கும், நகத்தால சுரண்டினாதான் வெள்ளையா மாவு மாதிரி உதிரும், ஓட்டை ஒவ்வொண்ணும் அந்த படிவத்துல சுருங்கி போயிருக்கும். மண்ணுன்னா டேப்புக்கு அடியில காட்டி டூத் பிரஷால உள்பக்கத்துல இருந்து வெளிய தள்ளுற மாதிரி தேச்சா போயிடும். உப்பு படிவம் பிரஷுக்கு போகாது, வினிகர்லயோ எலுமிச்சை உப்பு கரைச்ச வெதுவெதுப்பான தண்ணியிலயோ அரை மணி நேரம் ஊற வச்சு தேய்க்கணும். ஹோஸோட டேப் பக்க முனையிலயும் பல மாடல்ல இன்னொரு சல்லடை இருக்கும், அதையும் மறக்காம பாருங்க, மெஷின் பக்கத்தை மட்டும் கழுவிட்டு ஒண்ணும் ஆகலையேன்னு நிறைய பேர் விட்டுடுறாங்க.

சல்லடையை கழட்டி தூக்கி போட்டுட்டா தண்ணி நல்லா வருதுன்னு சொல்றவங்க இருக்காங்க. வரும்தான், கொஞ்ச நாளைக்கு. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு புரியணும்னா தண்ணியை உள்ள விடுற வால்வு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். உள்ள டயாஃப்ரம்னு வளையுற ஒரு ரப்பர் தகடு இருக்கு, அதுல ஊசி முனை அளவுக்கு ஓட்டைங்க. கரண்ட் வந்ததும் காயில், அதாவது வால்வுல இருக்குற கம்பிச்சுருள், பிளஞ்சர்ங்கிற ஒரு சின்ன இரும்புத் தண்டை தூக்குது, நடு ஓட்டை திறக்குது, டயாஃப்ரத்துக்கு மேல இருக்குற தண்ணியோட அழுத்தம் குறையுது, கீழ இருக்குற தண்ணி அழுத்தம் டயாஃப்ரத்தை தூக்கி விட்டு உள்ள பாயுது. அதாவது காயில் ஓட்டையை மட்டும்தான் திறக்குது, பெரிய வழியை திறக்குறது தண்ணியோட அழுத்தமேதான். இப்போ சல்லடை இல்லாம ஒரு மணல் துகள் போயி அங்க உக்காந்துச்சுன்னா வால்வு முழுசா மூடாது, மெஷின் ஆஃப்ல இருந்தாலும், பிளக்கே கழட்டியிருந்தாலும் டிரம்ல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும், வீடு முழுக்க தண்ணி நிக்கும். தண்ணி ஏறாத மெஷினை விட தண்ணி நிக்காத மெஷின் ரொம்ப ஆபத்து. சல்லடை கிழிஞ்சிருந்தா புதுசு வாங்கி போடுங்க, எடுத்துட்டு மட்டும் ஓட்டாதீங்க.

பெரிய வழியை தண்ணி அழுத்தமே திறக்குறதாலதான் பிரஷர் கம்மியா இருந்தா நல்ல வால்வும் திறக்காது. நிறைய மெஷினுக்கு குறைஞ்சது 0.3ல இருந்து 0.5 பார் (அழுத்தத்தோட அளவு) வரைக்கும் வேணும், மேனுவல்ல 0.03 எம்பிஏன்னோ 30 கேபிஏன்னோ போட்டிருப்பாங்க, ரெண்டும் 0.3 பார்தான். தொட்டித் தண்ணியில 10 மீட்டர் உயரத்துக்கு கிட்டத்தட்ட 1 பார் கிடைக்கும், அப்போ 0.3 பாருக்கு தொட்டித் தண்ணியோட மட்டம் மெஷின் இன்லெட்டுல இருந்து 3 மீட்டராவது மேல இருக்கணும், நடுவுல இருக்குற வளைவு, பழைய பைப் எல்லாம் அதுலயும் கொஞ்சம் சாப்பிட்டுடும். தொட்டிக்கு நேர் கீழ மேல் மாடியில மெஷின் வச்சிருக்குறவங்களுக்கு இந்த பிரச்சனை வர்றது இதனாலதான், தொட்டி நிறைஞ்சிருக்குறப்போ மெஷின் ஓடும், பாதியானதும் எரர் காட்டும். இதுக்கு சின்ன பிரஷர் பம்ப் போடலாம் (மெஷினுக்கு சொல்லியிருக்குற அதிகபட்ச அளவை தாண்டாம பாத்துக்கோங்க), இல்லன்னா லோ பிரஷர் வால்வு உங்க மாடலுக்கு கிடைக்குதான்னு கேக்கலாம். அவசரத்துக்கு டாப் லோடுல பக்கெட்டால நேரா டப்புல ஊத்தலாம், மெஷின் தண்ணி மட்டத்தைத்தான் பாக்குது, அளவு வந்ததும் துவைக்க ஆரம்பிச்சிடும். ஃப்ரன்ட் லோடுல சோப்பு டிரே வழியா மெதுவா ஊத்தணும்.

சப்ளை நல்லாருக்கு, சல்லடை சுத்தம், அப்பவும் ஏறலைன்னா காதை வச்சு கேளுங்க. ஸ்டார்ட் ஆனதும் இன்லெட் பக்கத்துல ம்ம்ம்னு ஒரு மெல்லிசான ரீங்காரம் வருதா? வந்து தண்ணி வரலைன்னா காயிலுக்கு கரண்ட் வருது, வால்வுதான் உள்ள அடைச்சிருக்கு. ரீங்காரமே இல்லைன்னா காயில் போயிருக்கலாம், இல்ல மெஷின் வால்வுக்கு கரண்டே அனுப்பலை. பல ஃப்ரன்ட் லோடுல ப்ரீ வாஷுக்கு ஒரு காயில், மெயின் வாஷுக்கு ஒரு காயில்னு தனித்தனியா இருக்கும், அதனால ப்ரீ வாஷ் வச்சு பாருங்க, அதுல தண்ணி வந்து மெயின்ல வரலைன்னா ஒரு காயில் மட்டும் போயிருக்க வாய்ப்பு அதிகம். மல்டிமீட்டர் புழங்கத் தெரிஞ்சவங்க பிளக்கை கழட்டிட்டு, வால்வு வயரையும் கழட்டிட்டு ஓம்ஸ் பாக்கலாம், 220-240 வோல்ட் காயில்னா சுமாரா 3ல இருந்து 5 கிலோ ஓம்ஸ் காட்டும், ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்துடுச்சு. வால்வு மாத்துறதா இருந்தா வயரை கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, எத்தனை காயில், வாய் எந்த பக்கம் திரும்பியிருக்குன்னு பாத்து அதே மாதிரி வாங்குங்க.

இன்னொரு வகை இருக்கு, தண்ணி விழுற சத்தம் நல்லா கேக்குது, ஆனா மட்டம் ஏறவே மாட்டேங்குது. அப்போ உள்ள வர்றது அப்படியே வெளிய போகுது. டிரெய்ன் ஹோஸோட முனையை பாருங்க, மெஷின் தண்ணி ஏத்துறப்பவே அங்க ஒழுகுதுன்னா ஹோஸ் ரொம்ப தாழ்வா கிடக்குதுன்னு அர்த்தம், தண்ணி தானா உறிஞ்சிக்கிட்டு போயிடும். பம்ப் வச்ச மெஷின்ல அதை தரையில இருந்து 60ல இருந்து 100 சென்டிமீட்டர் உயரத்துல மாட்டணும், முனை தண்ணிக்குள்ள முங்கியும் இருக்கக்கூடாது. டிரெய்ன் ஹோஸ் கீழயே போற டாப் லோடுல உள்ள டிரெய்ன் வால்வுல பட்டனோ நாணயமோ மாட்டி மூடாம நிக்கலாம்.

கடைசியா தண்ணி மட்டம் பாக்குற சென்சார். டப்போட அடியில இருந்து மெல்லிசான ஒரு ட்யூப் மேல சென்சாருக்கு போகும், தண்ணி ஏற ஏற அதுக்குள்ள இருக்குற காத்து அழுந்தும், அந்த அழுத்தத்தை வச்சுத்தான் மெஷின் அளவு தெரிஞ்சுக்குது. அடியில சோப்பு கசடு அடைச்சு காத்து உள்ளயே மாட்டிக்கிச்சுன்னா, தண்ணியே இல்லாதப்பவும் நிறைஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்கும், வெறும் டிரம்மை சுத்த ஆரம்பிச்சிடும். ட்யூபை சென்சார் பக்கம் கழட்டி டப் பக்கமா மெதுவா ஊதினா அடைப்பு விலகும். சென்சாரை நோக்கி மட்டும் ஊதாதீங்க, கெட்டுப்போயிடும். திரும்ப இறுக்கமா மாட்டுங்க, கழண்டு கிடந்தா மெஷின் நிக்காம தண்ணி ஏத்தும்.

எல்லாத்தையும் திரும்ப மாட்டுறப்போ ஹோஸுக்குள்ள ரப்பர் வாஷர் இருக்கான்னு பாத்துட்டு கையால இறுக்குங்க, பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கினா மரை போயிடும். துணி போடாம ஒரு ரின்ஸ் ஓட்டி, மெஷின் பின்னாடி ஜாயின்ட்ல டிஷ்யூ பேப்பரை வச்சு ஈரம் ஒட்டுதான்னு பாருங்க. இவ்வளவும் பண்ணியும் ஏறலைன்னா போர்டுல இருந்து வால்வுக்கு கரண்ட் வருதான்னு மெஷின் ஓடுறப்போ பாக்கணும், அது மெக்கானிக் வேலை, நீங்க கை வைக்காதீங்க. அவர் வந்ததும் பக்கெட்ல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வந்துச்சு, ரீங்காரம் கேட்டுச்சா, ப்ரீ வாஷ்ல தண்ணி வந்துச்சான்னு இந்த மூணையும் சொல்லிடுங்க, தேவையில்லாத பார்ட்டை மாத்துற பேச்சே வராது.